மூணு தக்குவ

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் திருப்பதியில் நான் வேலை பார்த்த லேபிலிருந்து பல்லவி போன் செய்தாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மேடம், புது சாஃப்ட்வேர் வந்துட்டுது. சர்டிபிகேட்டெல்லாம் அதுவே அடிச்சிடுது. ஆனா நம்ம கடைசி வரி ஒண்ணு இருக்குது இல்ல, அதுக்கு அதுல கட்டமே இல்ல. எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. அத யார் போட்டாங்க, எதுக்குப் போட்டாங்கன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல."

தெரியாமல் என்ன! அந்த வரியைப் போட்டவள் நான். போட வேண்டி வந்ததும் நான் செய்த ஒரு தப்பினால்தான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டுமானால் என் வேலையையே சொல்லியாக வேண்டும் என்று.

என் வேலையைச் சொன்னால் முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். சித்தூரில் எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது கேட்பார்கள்: "எஸ்தரு, திருப்பதிக்கு தெனம் பஸ்ஸேறிப் போய்க்கினு கீறியே, அங்க இன்னா வேல?" நான் சொல்வேன்: "காத்த அளக்கற மீட்டர அளக்கறேன்." அதற்குள் இன்னொருத்தர், "காத்த அளக்கறதுக்கா சம்பளம் குடுக்கறான்?" என்பார். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் அவர்கள் வீட்டு வண்டிகளெல்லாம் பங்கில் காற்றுப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன. அங்கே ஒரு முள் முப்பத்து மூன்று என்று காட்டினால் அதை நம்பி ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். அந்த முள் சொல்வது நிஜமா என்று ஒருத்தர் பார்த்துத்தானே ஆக வேண்டும். சித்தூர், திருப்பதி இரண்டு ஊருக்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம் அதைப் பார்த்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

படித்தது ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். நைனா, என் அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தார். "பாப்பா, தையல் மிஷினு வாங்கித் தரேன், ஸ்க்ரூ டிரைவர்லாம் இன்னாத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஃபீஸ் கட்டினார். நாலைந்து தொழிற்சாலை வாசலில் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் திருப்பதியில் இந்த லேபில் சேர்ந்தேன். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. துடைத்தேன், எழுதினேன், திட்டு வாங்கினேன்.

திட்டு என்றால் எங்கள் பாஸ்கர் சார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. லேபுக்குத் தலைவர் அவர்தான். 'தப்பு' என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வராது. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மள்ளீ" என்பார். தெலுங்கில் மறுபடியும் என்று அர்த்தம். சரியாகச் செய்திருந்தாலும் மள்ளீ, தப்பாகச் செய்திருந்தாலும் மள்ளீ. எது சரி எது தப்பு என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் வீட்டிலிருந்து வந்த நாங்கள் இரண்டு மூன்று பேர் அவருக்கு மல்லி சார் என்று பேர் வைத்துவிட்டோம். அவர் மேஜையில் ஒரு நாள் யாரோ இரண்டு முழம் மல்லிகைப்பூ வைத்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை நான் சொல்லமாட்டேன்.

அவர் கேஜை, அதாவது காற்று மீட்டரை, சோதிக்கும் முறையை இங்கே எழுதிவிடுகிறேன், பின்னால் இது வேண்டியிருக்கும். காற்றடிக்கும் இடத்திலிருந்து கேஜ் வந்தால் முதலில் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கம்ப்ரசரிலிருந்து வந்த தண்ணீரும் எண்ணெயுமாக ஒரு ஸ்பூன் அளவு வடியும். பிறகு ஒரு நாள் முழுக்க லேபுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். வெளி வெயிலில் வெந்துபோய் வந்த கேஜ் உடனே நிஜம் பேசாது. மறுநாள், சரியானது என்று நிச்சயமான எங்கள் மாஸ்டர் கேஜோடு ஒரே குழாயில் மாட்டி, முழு அழுத்தம் வரைக்கும் இரண்டு தடவை ஏற்றி இறக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சோதனை. பத்து, இருபது, முப்பது என்று ஏறிக்கொண்டே போய், அதே வழியில் இறங்கி வரவேண்டும். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றும் சொல்கிற முள் நிறைய உண்டு.

இதெல்லாம் எல்லா லேபிலும் செய்வதுதான். மல்லி சார் லேபில் கூடுதலாக ஒன்று உண்டு. மாஸ்டர் கேஜை ஓர் அட்டையால் மறைத்துவிடுவார். சோதிக்கும் கேஜைப் படிப்பவருக்கு மாஸ்டர் என்ன காட்டுகிறது என்று தெரியக்கூடாது. மறைத்துவிட்டு, "நுவ்வு ஏம் சதிவாவோ அதி செப்பு" என்பார். நீ என்ன படித்தாயோ அதைச் சொல்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் இதில் மாட்டிக்கொண்டேன். இருபது, இருபத்தைந்து, முப்பது என்று ஐந்தைந்தாக ஏறிக்கொண்டிருந்தோம். அடுத்தது முப்பத்தைந்துதான் என்று என் மனசு முடிவு செய்துவிட்டது. முள் ஒரு கோடு கீழே நின்ற மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் "முப்பத்தைந்து" என்று கணீரென்று சொன்னேன். அவர் அட்டையை எடுத்தார். மாஸ்டரில் முப்பத்து நாலு. வேண்டுமென்றே ஒன்று குறைத்து வைத்திருக்கிறார் மனுஷன்! "கள்ளதோ சதுவு, மனசுதோ காது" என்றார். கண்ணால் படி, மனசால் வேண்டாம். அப்புறம் வழக்கம்போல, மள்ளீ. அன்றைக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் சித்தூர் வரும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வருஷங்கள் போயின. கார்களில் டயருக்குள்ளேயே சென்சார் வர ஆரம்பித்தது. காற்று ரொம்பக் குறைந்தால் டிரைவருக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும். முதல் சென்சார் எங்கள் லேபுக்கு வந்தபோது ஒரு கூத்து நடந்தது. காற்றுப் பெட்டிக்குள் வைத்து அழுத்தம் ஏற்றுகிறோம், ஸ்கேனரில் எண்ணே வரவில்லை. செத்துவிட்டது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் அதோடு வந்த காகிதத்தை மூன்று தடவை படித்தேன். சக்கரம் நின்றிருந்தால் பேட்டரியை மிச்சப்படுத்த சென்சார் தூங்கிவிடும் என்று அதில் போட்டிருந்தது. எழுப்பும் கருவி எங்களிடம் அப்போது இல்லை. என் சாப்பாட்டுப் பையைக் காலி செய்து, சென்சாரை அதில் போட்டு, வாசலில் நின்று கைவலிக்கச் சுழற்றினேன். வாட்ச்மேன் ஓடி வந்து, "இன்னாம்மா ஆச்சி?" என்று கேட்டார். உள்ளே ஸ்கேனரில் எண் வந்துவிட்டது! மல்லி சார் வெளியே வந்து பார்த்தார். அன்றைக்கு மட்டும் மள்ளீ சொல்லவில்லை. அடுத்த வருஷம் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை எனக்குக் கொடுத்தார். எங்கள் லேபில் அந்த அதிகாரம் வாங்கிய முதல் பெண் நான். நைனா அந்தக் கையெழுத்தின் நகல் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சபையில் எல்லாருக்கும் காட்டினார்.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

திருப்பதியில் ஒரு டிராவல்ஸ். பேர் வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து பக்தர்களை ஏற்றிக்கொண்டு திருமலைக்குப் போய்வரும் கார்கள் அவர்களுடையவை. காற்றடிக்க அவர்களுக்கே ஒரு ஷெட் இருந்தது. அந்த ஷெட்டின் கேஜ் வருஷத்துக்கு ஒரு தடவை எங்களிடம் வரும். அந்தத் தடவை வந்தபோது எல்லா இடத்திலும் மூன்று கூட்டிக் காட்டியது. நிஜத்தில் முப்பத்து மூன்று இருந்தால் முள் முப்பத்தாறில் நிற்கிறது. மூடியைக் கழற்றித் திருத்தக்கூடிய கேஜும் இல்லை. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றேன். ஆர்டர் போட்டாயிற்று, வரும்வரைக்கும் இதைத்தான் ஓட்டியாக வேண்டும் என்றார் அவர்கள் மேனேஜர்.

சர்டிபிகேட்டில் எல்லாம் முறைப்படி ஆங்கிலத்தில் இருந்தது. திருத்தம்: கழித்தல் மூன்று. ஆனால் அந்தக் காகிதம் ஃபைலுக்குள் போய்த் தூங்கும், காற்றடிக்கிறவர் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஒரு சிவப்பு அட்டையை வெட்டி, தெலுங்கில் கொட்டை எழுத்தில் "3 தக்குவ" என்று எழுதி, கம்பியால் கேஜின் கழுத்தில் கட்டினேன். தக்குவ என்றால் குறைவு. எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் கடையில் "மூணு ரூபா தக்குவ" என்றுதான் சொல்வோம். முள் காட்டுவதைவிட நிஜமான காற்று மூன்று குறைவு, அதுதான் நான் சொல்ல வந்தது.

மல்லி சார் அட்டையைப் பார்த்து, சர்டிபிகேட்டில் இல்லாதது எதற்கு என்று கேட்டார். "சார், காத்து புடிக்கறவரு இங்கிலீஷ் படிச்சிக்கினா ஒக்காந்துனு இருப்பாரு?" என்று நான் சண்டைக்கு நின்றேன். அவர் "நீ பாத்யத" என்றார். உன் பொறுப்பு. நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் கேஜை அனுப்பிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த டிராவல்ஸ் கார் ஒன்று மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவில் முன் டயர் கிழிந்து, ஓரச் சுவரில் உரசி நின்றது. உள்ளே ஒரு குடும்பம். ஓர் அம்மாவுக்குக் கை மணிக்கட்டு முறிந்தது, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. சுவர் இருந்ததால் பிழைத்தார்கள். டயரைப் பார்த்தவர்கள், காற்று குறைவாக ஓடிச் சூடேறிய டயர் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் டிரைவரைப் பிடித்துக்கொண்டார். காற்றுப் பார்க்காமல் வண்டி எடுத்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் வேலை மட்டும் இல்லை, லைசென்ஸும் போய்விடும்.

டிரைவர் பேர் முனிரத்தினம். நகரி பக்கத்துத் தமிழர். மேனேஜர் அந்தக் காரின் நல்ல சக்கரங்கள் மூன்றையும், கிழிந்த டயரிலிருந்து எடுத்த சென்சாரையும் எங்கள் லேபுக்கு அனுப்பியிருந்தார். சென்சார் சரியாக இருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் அவருக்குப் போதும். விளக்கு எரியவில்லை என்று டிரைவரே ஒத்துக்கொண்டார், அப்படியானால் காற்று சரியாக இருந்தது, வண்டி ஓட்டியதில்தான் தப்பு என்று இன்னொரு பக்கத்திலிருந்தும் மடக்கலாம். அன்று காலையில் நான் போகும்போது முனிரத்தினம் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"அக்கா, பதினெட்டு வருசமா மலமேல ஓட்டிக்கினு கீறேன். காத்து பாக்காம ஒரு நாளும் வண்டி எடுத்ததில்ல. அன்னிக்கும் ஷெட்டுல முப்பத்தி மூணுன்னு சொல்லிப் புடிச்சிக்கினுதான் போனேன். லைட்டும் எரியல. நீங்க இன்னா எய்தறீங்களோ அதுலதான் என் பொழப்பு கீது."

"துன்னுட்டு வந்தியாப்பா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். "எதிர்ல ஓட்டல்ல ரெண்டு இட்லி துன்னுட்டு வா. சாயந்தரம் வரைக்கும் ஆவும். நான் பாக்கறதத்தான் எய்துவேன். கூடவும் எய்தமாட்டேன், கொறச்சும் எய்தமாட்டேன்."

சென்சாரைக் கழற்றுவதற்கு முன்னால் மூன்று சக்கரத்திலும் காற்றை அளந்தேன். சக்கரங்கள் ஒரு நாள் முழுக்க நிழலில் ஆறியிருந்தன. இருபத்தேழு. இருபத்தேழு. இருபத்தேழு. எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. காற்று கசிந்திருந்தால் ஒன்றில் இருபத்தெட்டு, ஒன்றில் இருபத்தைந்து என்று இருக்கும். மூன்றும் ஒரே அளவு என்றால் யாரோ அப்படித்தான் அடித்திருக்கிறார்கள். பிறகு சென்சார்களை எழுப்பிப் பெட்டிக்குள் வைத்து ஏற்றி இறக்கினேன். நாலும் சரியாகப் பேசின. இருபத்தைந்துக்குக் கீழே போனால்தான் விளக்கெரியச் சொல்லும் வண்டி அது. இருபத்தேழில் அது ஏன் எரியப் போகிறது? சென்சார் பொய் சொல்லவில்லை. டிரைவரும் பொய் சொல்லவில்லை என்றால் மிச்சம் இருப்பது ஷெட்டின் கேஜ்தான்.

மூன்று கூட்டிக் காட்டும் கேஜ் அது. முப்பத்து மூன்று என்று முள்ளைப் பார்த்து அடித்திருந்தால் நிஜத்தில் முப்பது இருந்திருக்கும். என் அட்டையைப் பார்த்துச் சரியாக அடித்திருந்தால் முப்பத்து மூன்றே இருந்திருக்கும். இருபத்தேழு எங்கேயிருந்து வந்தது? மாஸ்டர் கேஜைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஷெட்டுக்குப் போனேன்.

ஷெட்டில் காற்றடிப்பவர் சீனய்யா. தெலுங்குக்காரர், நாற்பது வயசு இருக்கும், வேலையில் ரொம்ப சுத்தம். "ஒரு டயருக்கு முப்பத்து மூணு அடிச்சிக் காட்டுங்க" என்றேன். அவர் டியூபை மாட்டினார். முள் ஏறியது. இருபது, இருபத்தைந்து, முப்பது. முப்பதில் டக்கென்று நிறுத்திவிட்டு எழுந்தார்.

"முப்பத்து மூணு கேட்டேனே?" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். கேஜைத் திருப்பிச் சிவப்பு அட்டையைக் காட்டினார். "மீரே ராசாரு கதா மேடம். மூடு தக்குவ கொட்டமனி."

நீங்கள்தானே எழுதினீர்கள், மூன்று குறைத்து அடிக்கச் சொல்லி.

அந்த அட்டையில் இருப்பது என் கையெழுத்து. அந்த இரண்டு சொல்லுக்கு அவர் சொன்ன அர்த்தமும் பொருந்துகிறது, நான் நினைத்த அர்த்தமும் பொருந்துகிறது. காற்றடிப்பவர் கையில் அதைக் கொடுத்தால் அவர் எப்படிப் படிப்பார்? என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதாகத்தான் படிப்பார். முள் ஏற்கெனவே மூன்று கூட்டிக் காட்டுகிறது, அதில் இவர் மூன்று குறைத்திருக்கிறார். ஆறு போய்விட்டது. அட்டையே கட்டாமல் இருந்திருந்தால் முப்பதாவது இருந்திருக்கும். உதவி செய்கிறேன் என்று நான்தான் மலைமேல் போகிற வண்டிகளை இருபத்தேழில் அனுப்பியிருக்கிறேன், மூன்று வாரமாக! முதல் வேலையாக ஷெட்டில் நின்ற அத்தனை கார்களுக்கும் மாஸ்டர் கேஜை வைத்து முப்பத்து மூன்று அடிக்க வைத்தேன். வெளியே போயிருந்த வண்டிகளையும் போன் போட்டுத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். அவை வந்து சேரும்வரை ஷெட்டை விட்டு நகரவில்லை.

மேனேஜர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். புத்திசாலி. உடனே பிடித்துக்கொண்டார். "மேடம், அந்த அட்டை ஒரு கம்பியில்தானே தொங்குகிறது" என்று தெலுங்கில் மெதுவாக ஆரம்பித்தார். "கட் பண்ணிப் போட்டுவிடலாம். கேஜ் தப்பு என்று தெரிந்தும் நாங்கள் ஓட்டினோம் என்று வெளியே வராது. உங்கள் பேரும் வராது. மீகூ மஞ்சிதி, மாகூ மஞ்சிதி."

உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. முனிரத்தினத்துக்கு மட்டும்தான் நல்லது இல்லை. நான் கேஜை அட்டையோடு கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் எனக்கும் அந்த ஆசை வந்தது. கையெழுத்து அதிகாரம், நைனாவின் சட்டைப் பை, இத்தனை வருஷப் பேர் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன.

லேபில் மல்லி சாரிடம் கேஜை வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? மள்ளீ. கேஜை மறுபடி மாட்டச் சொன்னார். மாஸ்டரை மறைத்தார். நான் படித்தேன்: முப்பத்தாறு. மறைத்த அட்டையை எடுத்தார்: முப்பத்து மூன்று. குறித்துக்கொண்டார். அடுத்து, கேஜிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் வைத்திருந்த என் சிவப்பு அட்டையைத் தன் உள்ளங்கையால் மூடினார். மாஸ்டர் கேஜை மறைப்பாரே, அதே மாதிரி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்:

"நுவ்வு ஏம் சதிவாவோ அதி செப்பு."

"மூணு தக்குவ" என்றேன். "எழுதினவ நான். எதுல தக்குவன்னு எழுதல. அவர் படிச்சது தப்பு இல்ல சார். நான் எழுதினதுதான் தப்பு."

அவர் கையை எடுத்தார். நான் சொன்னதை அப்படியே அறிக்கையில் ஏற்றினார். டிரைவர் கேட்ட அளவு சரி, சென்சார் சரி, காற்றடித்தவர் அட்டையில் உள்ளபடி அடித்தார், அட்டை எங்கள் லேபுடையது, அதன் வாசகம் இரண்டு பொருள் தருவது. காற்று குறைந்ததால் மட்டும்தான் டயர் கிழிந்தது என்று நாங்கள் எழுதவில்லை. அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதினோம். அடியில் சாருடைய கையெழுத்து, என் கையெழுத்து.

மாலையில் வாசற்படியில் உட்கார்ந்திருந்த முனிரத்தினத்துக்கு அதைப் படித்துக் காட்டினேன். அறிக்கை தெலுங்கில் இருந்தது, அப்படியே படித்தேன். அவர் படியிலிருந்து எழுந்தார்.

"உங்க மேலயே எய்திக்கினீங்களா அக்கா?"

"எம்மேல இருந்தத எய்தினேன்."

அடுத்த வாரம் அவர் திரும்ப வண்டியில் ஏறினார். மேனேஜரால் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு வேறொன்றும் எழுத முடியவில்லை. மணிக்கட்டு முறிந்த அம்மாவை நான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டினார். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மல்லி சார் மறுநாளே என் கையெழுத்து அதிகாரத்தை எடுத்துவிட்டார். மூன்று மாதம். அதற்குப் பிறகு மறுபடி பரீட்சை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் என் சோதனைகளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அழுகை வந்த நாட்கள் உண்டு. ஆனால் அதே மூன்று மாதத்தில்தான் அந்த வரி உண்டாயிற்று.

இனிமேல் தக்குவ, அதிகம் என்று பொருள்படும் எக்குவ, இந்த இரண்டு சொல்லும் எங்கள் லேபிலிருந்து வெளியே போகக் கூடாது என்று நான் சொன்னேன். சரி, வேறு எழுது என்றார் மல்லி சார். எழுதியதை எங்களிடம் சோதிக்கவில்லை. வாட்ச்மேன், பெருக்குகிற அம்மா, டீ கொண்டுவருகிறவர், எதிர்க் கடைக்காரர் என்று ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, அட்டை கட்டிய கேஜைக் கையில் கொடுத்து, ஒரு டயருக்கு முப்பத்து மூன்று அடிக்கச் சொல்வார். யாராவது ஒருத்தர் தடுமாறினாலும் போச்சு, மள்ளீ. கேஜைச் சோதிப்பது மாதிரியே சொல்லையும் சோதித்தோம். ஏழெட்டு வாசகம் தோற்றது. கடைசியில் எல்லாரையும் ஒரே இடத்தில் நிறுத்திய வாசகம் இதுதான்: முப்பத்து மூன்று வேண்டுமானால் முள்ளை முப்பத்தாறில் நிறுத்தவும். கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. எவ்வளவு வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு எண் மட்டும் கேஜுக்குக் கேஜ் மாறும்.

அதைத் தெலுங்கில் எழுதி ஐந்நூறு அட்டை அச்சடித்து வந்த பிறகு மல்லி சார் ஒன்றைக் கையில் எடுத்தார். முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். தெலுங்கில் முள்ளுக்கு முல்லு என்று எழுத வேண்டும். நான் தமிழ் வீட்டுப் பழக்கத்தில் முள்ளு என்று எழுதிவிட்டேன். தெலுங்கில் அப்படி எழுதினால் பல முட்கள் என்று ஆகிவிடும். "ஒக்க கேஜ்லோ என்னி முள்ளு சூசாவு?" என்று கேட்டார். ஒரு கேஜில் எத்தனை முட்களைப் பார்த்தாய்? நான் தலையைக் குனிந்துகொண்டு, மள்ளீ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எல்லாருக்கும் புரிகிறது இல்லையா, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதே வரியைச் சர்டிபிகேட்டின் கடைசியிலும் சேர்த்தோம். பரீட்சையில் தேறி, கையெழுத்தும் திரும்ப வந்தது. ஓய்வு பெறும் நாள் வரை என் கையெழுத்துக்கு மேலே அந்த வரி, தப்பான முள்ளோடு, இருந்தது.

இவ்வளவும் எழுதி முடித்து, பல்லவிக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். போன சனிக்கிழமை வீட்டுக்காரரோடு காரில் போகும்போது சித்தூர் பைபாஸில் ஒரு பங்கில் நிறுத்தினோம். காற்றடிக்கும் இடத்தில் ஓர் அம்மா இருந்தார். "எந்த கொட்டாலம்மா?" என்று, எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேட்டார். "முப்பத்தி மூணு" என்றேன். அவர் கேஜின் கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு டியூபை மாட்டினார்.

இறங்கிப் போய் அட்டையைப் பார்த்தேன். அது எங்கள் லேப் இல்லை. எனக்குப் பேரே தெரியாத வேறொரு லேபின் முத்திரை. அதன் அடியில் தெலுங்கில் ஒரு வரி: 33 காவாலண்டே முள்ளு 35 மீத ஆபண்டி. முப்பத்து மூன்று வேண்டுமானால் முள்ளை முப்பத்தைந்தில் நிறுத்தவும்.

முள்ளு! என் முள்ளு. யாரோ எங்கிருந்தோ பார்த்து, என் தப்போடு சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அங்கேயே நின்று சிரித்தேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அட்டையைப் போட்டோ எடுத்துப் பல்லவிக்கு அனுப்பினேன். சாஃப்ட்வேரில் கட்டம் இல்லையென்றால் ஒரு கட்டம் போடச் சொல் என்று கீழே எழுதினேன்.

அந்த அம்மா முள்ளை முப்பத்தைந்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். நான் கைப்பையிலிருந்து என் சொந்த கேஜை எடுத்து டயரில் வைத்தேன். முப்பத்து மூன்று.

மள்ளீ, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு தடவை வைத்தேன். முப்பத்து மூன்று.